கச்சாபோன் – சிமிழ்ப் பொம்மை

காசு போட்டுக் கைப்பிடியைத் திருகினால், உருண்டைக் கூட்டுக்குள் ஒரு குட்டிப் பொம்மை வந்து விழும். அந்தப் பொறிக்கும், அதிலிருந்து வரும் பொம்மைக்கும் ஜப்பானில் வழங்கும் பெயர் கச்சாபோன். இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று பார்ப்போம். முதல் எழுத்தைக் கணபதியின் ககரம்போல ஒலிக்க வேண்டும். கச்சா எண்ணெய்யில் வரும் 'கச்சா' நினைவுக்கு வந்தால் தள்ளிவிடுங்கள், இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஜப்பானியர் உயிரொலிகளைக் குறுக்கி, கிட்டத்தட்ட 'கச்சபொன்' என்றுதான் சொல்கிறார்கள்.

சொல்லின் பிறப்பு எளிது, இனிமையானதும்கூட. 'கச்சா' என்பது கைப்பிடியைத் திருகும்போது உள்ளே பற்சக்கரம் எழுப்பும் ஓசை. 'போன்' என்பது கூடு கீழே விழும் ஓசை. இரண்டையும் ஒட்டினால் பெயர் தயார். சிறுவர்கள் பேச்சில் இது 'கச்சாகச்சா' என்றும் வழங்குகிறது. 'இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா' என்று தொல்காப்பியம் சொல்லும் சொல்வகையை நாம் கடகட, சலசல என்று நாள் முழுக்கப் புழங்குகிறோம். ஜப்பானிய மொழியிலும் இப்படிப்பட்ட ஒலிக்குறிப்புச் சொற்கள் ஏராளம். ஆனால் தமிழில் அவை பெரும்பாலும் வினைக்கு முன்னால் நின்று 'கடகடவென்று ஓடியது' என்பதோடு நின்றுவிடும். அங்கே ஓசையே பொருளுக்குப் பெயராகிவிட்டது. மின்சாரம்கூட இல்லாமல் பற்சக்கரத்தால் மட்டுமே இயங்கும் பொறிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது என்பது என் எண்ணம்.

இந்தப் பொறி ஜப்பானில் பிறந்ததல்ல, அமெரிக்காவிலிருந்து வந்தது. 1965-இல் ஷிகெதா ரியூசோ என்பவர் அதைத் தருவித்து, பொம்மை மொத்த வியாபாரிகள் நிறைந்த தோக்கியோவின் குராமாயே பகுதியில் வைத்தார். அவருடைய நிறுவனத்தின் பெயர் பென்னி ஷோகாய். அன்றைக்கு ஒரு திருகலுக்கு 10 யென். அந்த நிறுவனம் தொடங்கப்பட்ட பிப்ரவரி 17-ஐத்தான் இப்போது 'கச்சா நாள்' என்று கொண்டாடுகிறார்கள். 1977-இல் பொம்மை நிறுவனமான பண்டாய் 100 யென் பொறிகளோடு இந்தத் தொழிலில் இறங்கியது. 1980-களில் கின்னிகுமான் என்ற மல்யுத்தக் கதையின் பாத்திரங்கள் ரப்பர் உருவங்களாக இதில் வந்தபோது பள்ளிப் பிள்ளைகள் பைத்தியமாய்ச் சேர்த்தார்கள். இன்று தோக்கியோவின் இகெபுகுரோவில், 2021-இல் திறந்த ஒரே கடையில் 3,010 பொறிகள் நிற்கின்றன. கின்னஸ் சாதனை அது.

பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. 'கஷாபோன்' என்பது பண்டாயின் வணிகப் பெயர். 'கச்சா' என்பது அதன் போட்டியாளரான தக்காரா தோமி ஆர்ட்ஸின் வணிகப் பெயர். ஊருக்கே பொதுவான ஓசையை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டதால், எந்த நிறுவனத்தையும் சாராமல் எழுத வேண்டியவர்கள் 'கப்புசெரு தோய்' என்கிறார்கள். ஆங்கிலக் கேப்ஸ்யூல் டாய்தான் ஜப்பானிய நாக்கில் அப்படி ஆகிறது. தமிழ்ச் சொல் தேடும்போது நாம் பெயர்க்க வேண்டியது இந்தப் பொதுப்பெயரைத்தான். கச்சாபோன் என்ற ஒலிப்பெயரைப் பெயர்க்க முயன்று 'கடக்டொப்' என்பதுபோல ஏதாவது செய்தால் அது தமிழும் ஆகாது, பொருளும் தெரியாது.

சரி, கேப்ஸ்யூலுக்குத் தமிழில் என்ன? மருந்துக்குக் 'குளிகை' இருக்கிறது. குளிகைப் பொம்மை என்றால் விழுங்கும் பொம்மை என்று படும், வேண்டாம். 'உறை' என்றால் தட்டையாக, கடித உறைபோலத் தோன்றும். 'கூடு' பரவாயில்லை, ஆனால் கூட்டுக்கு மூடி இல்லை. இந்தப் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தால் மூடிதான் முக்கியம் என்று புரியும். பிளாஸ்டிக் உருண்டை, பெரும்பாலும் ஒரு பாதி நிறம், மறு பாதி கண்ணாடிபோல. பாதிக்குப் பாதி பொருந்தி இறுக நிற்கும். இரண்டு கைகளாலும் பக்கவாட்டில் அழுத்தினால் வாய் சற்றே கோணி, டப்பென்று திறக்கும். உள்ளே மடித்து வைத்த ஒரு துண்டுத்தாள், அதில் அந்த வரிசையில் உள்ள எல்லாப் பொம்மைகளின் படமும் இருக்கும். அப்புறம் சின்ன உறையில் நமக்கு வாய்த்த பொம்மை.

மூடியோடு கூடிய உருண்டையான சிறு கலத்துக்குத் தமிழில் தேடி அலைய வேண்டியதில்லை. குங்குமச் சிமிழை அறியாத வீடு குறைவு. சிமிழ் என்ற சொல்லே போதும்: சிமிழ்ப் பொம்மை. பொறிக்குச் சிமிழ்ப் பொம்மைப் பொறி. 'சிமிழ்த்தல்' என்ற வினைக்கு அகப்படுத்துதல் என்றும் பொருள் உண்டு. வேடன் புதருக்குப் பின்னால் மறைந்து பறவையைப் பிடிப்பதைச் சொல்லும் குறளில் அந்த வினைதான் வருகிறது. பொம்மையைத் தனக்குள் அகப்படுத்தி வைத்திருக்கும் கலத்துக்கு இந்தப் பொருளும் இசைந்து வருகிறது.

இன்னொரு சொல்லும் போட்டிக்கு வரும்: செப்பு. பழந்தமிழில் செப்பு என்றாலும் மூடியுள்ள சிறு கலம்தான். அதே சொல் பிள்ளைகள் வைத்து விளையாடும் குட்டிப் பாத்திரங்களுக்கும் ஆகி, பேச்சில் 'சொப்பு' என்று நிற்கிறது. கலமும் விளையாட்டுப் பொருளும் ஒரே சொல்லில் இருப்பதால் எனக்கு இதன்மேல் ஆசை அதிகம். ஆனால் இன்றைக்குச் செப்பு என்றால் செம்பு உலோகம், சொப்பு என்றால் அடுப்பும் பானையும். குழப்பம் வரும். ஆகவே சிமிழே சரி.

2018-இல் பண்டாய் ஒன்று செய்தது. தொட்டால் உருண்டுகொள்ளும் தங்கோமுஷி என்ற சிறு உயிரைப் பெரிதாக்கி, கால்கள் மடங்கிப் பந்தாகும்படி வடித்து, கூடே இல்லாமல் அப்படியே பொறியிலிருந்து உருண்டு வர வைத்தது. 500 யென். இதைச் சிமிழ்ப் பொம்மை என்பதா? சொல்லலாம், அந்தப் பொம்மையே தன் சிமிழாகவும் இருக்கிறதே.

பொம்மைக்கு முன்னால் ஜப்பானியர் ஓயாமல் சேர்க்கும் அடைமொழி 'கவாயி'. வெட்கத்தில் முகம் சிவப்பதைக் குறித்த பழஞ்சொல் ஒன்று, இரக்கம், பரிவு என்று மெல்ல நகர்ந்து, கொஞ்சத் தோன்றும் அழகு என்ற இடத்துக்கு வந்திருக்கிறது. தமிழில் 'அழகான' போதாது. 'குட்டி' பொருந்தும், அந்தச் சொல்லில் சிறுமையும் செல்லமும் சேர்ந்தே இருக்கின்றன. 2012-இல் கிதான் கிளப் என்ற பொம்மை நிறுவனம் வெளியிட்ட ஃபுசிகோவைப் பார்த்தால் இது விளங்கும். மங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதைகளின் ஓவியர் தனாக்கா கத்சுகி உருவாக்கிய இந்தப் பெண், அலுவலகச் சீருடையில் தேநீர்க் கோப்பையின் விளிம்பில் உட்கார்ந்திருப்பாள். இன்னொரு வடிவில் விளிம்பைப் பிடித்துத் தொங்குவாள். 'ஃபுசி' என்றால் விளிம்பு, 'கோ' பெண் பெயர்களில் வரும் ஈறு, ஆக விளிம்பழகி என்றே சொல்லலாம். அதுவரை சிறுவர் விளையாட்டாக இருந்ததை வேலைக்குப் போகும் பெண்களின் மேசைக்குக் கொண்டுவந்ததில் இவளுக்குப் பெரும் பங்கு.

சேர்ப்பவர்களின் பேச்சில் இரண்டு சொற்கள் அடிக்கடி வரும். ஒரே பொம்மை மறுபடி வந்தால் 'தபுரி', ஆங்கில டபுளிலிருந்து செய்த சொல். நாம் 'ரெட்டை' என்றால் போதும். வரிசை முழுவதும் கைக்கு வந்தால் 'கொம்ப்பு'. கொலு வைக்கும் வீடுகளில் தசாவதாரத்தில் ஒன்று குறைந்தாலும் 'செட் சேரலை' என்பார்களே, அதே தவிப்புதான் இங்கேயும், 'செட் சேர்ந்தது' என்றே எழுதலாம்.

கைபேசி விளையாட்டுகளில் பணம் கட்டி ஆயுதமோ பாத்திரமோ பெறுவதையும் இன்று 'கச்சா' என்கிறார்கள். குறிப்பிட்ட சிலவற்றை முழுவதும் சேர்த்தால்தான் அரிய பரிசு என்ற 'கொம்ப்பு கச்சா' முறை சட்டத்துக்குப் புறம்பானது என்று 2012-இல் ஜப்பானிய நுகர்வோர் முகமை அறிவித்தது. இங்கே கலமும் இல்லை பொம்மையும் இல்லை, எனவே சிமிழ் என்ற சொல்லை இழுக்கக் கூடாது. 'குலுக்கல்' என்பதே பொருள். 2021-இல் ஜப்பானின் ஆண்டுச் சொற்பட்டியலின் முதல் பத்தில் 'ஓயா கச்சா' வந்தது. பெற்றோர் அமைவது நம் கையில் இல்லை என்ற ஆதங்கத்தைச் சொல்லும் இளைஞர் வழக்கு அது. 'பெற்றோர்க் குலுக்கல்' என்று பெயர்க்கலாம்தான், ஆனால் 'வாங்கி வந்த வரம்' என்று ஊரில் சொல்வதே அதற்கு இன்னும் நெருக்கம்.