டிரெய்லரைக் கட்டும் முன் லைசென்ஸில் இரண்டாவது தேதியைப் பாருங்கள்

சில வருடங்களுக்கு முன், ஓமலூர் பக்கம் கம்ப்ரசர் வாடகைக்கு விடும் ஒருவர் கோர்ட் சம்மனோடு என்னிடம் வந்தார். அவருடைய லாரி கம்ப்ரசர் டிரெய்லரை இழுத்துக்கொண்டு தொப்பூர் பக்கம் போனபோது, டிரெய்லரின் பின்பக்கம் ஒரு மொபெட்டை இடித்துவிட்டது. மொபெட்டை ஓட்டி வந்தவருக்குக் கால் போயிற்று. "டிரைவருக்கு ஹெவி லைசென்ஸ் இருக்குதுங்க சார், பதினாலு வருச சர்வீஸ்" என்றார். வாங்கிப் பார்த்தேன். லைசென்ஸ் இருந்தது, விபத்து நடந்த அன்று உயிரோடு இல்லை.

சேலத்தில் விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடத்தும் எனக்கு இது பழகிப்போன காட்சி. லைசென்ஸ் அட்டையில் இரண்டு தேதிகள் இருக்கும். ஒன்று என்டி, சொந்த உபயோக வண்டிகளுக்கானது. அது பல வருடம் ஓடும். இன்னொன்று டிஆர், டிரான்ஸ்போர்ட் வண்டிகளுக்கானது. அதற்கு ஆயுள் 5 வருடம்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்கு முன் 3 வருடம். நம்மவர் பார்த்தது முதல் தேதியை. இரண்டாவது தேதி முடிந்து 19 நாள் ஆகியிருந்தது.

"ஒரு மாசம் டைம் உண்டுங்களே?" என்றார். உண்டு என்பது பழைய கதை. தேதி முடிந்த பிறகும் 30 நாள் செல்லும் என்றிருந்த சலுகையை அதே 2019 திருத்தம் எடுத்துவிட்டது. லாரி ஸ்டாண்டுகளில் மட்டும் அந்தச் சலுகை இன்னும் நடைமுறையில் இருக்கிறது.

இப்போது புதிதாக ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது: "பேட்ஜே வேண்டாம்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு." பேட்ஜ் என்று இவர்கள் சொல்வது லைசென்ஸில் பதியும் டிரான்ஸ்போர்ட் அனுமதியை. பாதி உண்மை. 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது, மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டியை எல்எம்வி, அதாவது இலகுரக வாகன, லைசென்ஸோடு ஓட்டலாம், தனியாக டிரான்ஸ்போர்ட் அனுமதி தேவையில்லை என்று. தாண்டினால் பழைய சட்டம்தான்.

மொத்த எடை என்றால் ஆர்சியில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், பதிந்திருக்கும் எடை. அன்றைக்கு என்ன ஏற்றினீர்கள் என்பது கணக்கில்லை. "காலி வண்டிதானே சார்" என்று கூண்டில் நின்று சொன்ன ஓனரைப் பார்த்திருக்கிறேன். எதிர்த்தரப்பு வக்கீல் ஆர்சியை நீட்டி உட்கார்ந்துவிட்டார். டிராக்டருக்கு மட்டும் கணக்கு வேறு, அதன் வெற்று எடையைத்தான் பார்ப்பார்கள். ஏற்காடு எஸ்டேட்காரர்கள் இதைத்தான் அடிக்கடி கேட்பார்கள். டிராக்டர் லைசென்ஸ் வைத்திருப்பவர், பின்னால் டிரெய்லர் மாட்டியதாலேயே தகுதி இழப்பதில்லை என்று சுப்ரீம் கோர்ட் 2001-லேயே சொல்லியிருக்கிறது. ஆனால் அது லைசென்ஸ் பற்றிய பேச்சு மட்டும். இருபது கொண்டை ஊசி வளைவில் லோடு டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும்போது தீர்ப்பு பிரேக் பிடிக்காது.

சரி, சின்ன லாரியின் பின்னால் கனமான டிரெய்லர் என்றால்? அமெரிக்காவில் இருக்கும் மகன் அனுப்பிய வீடியோவை ஒருவர் என்னிடம் காட்டி, "10,000 பவுண்டு வரைக்கும் ஒண்ணும் வேண்டாமாமே" என்றார். அங்கே இரண்டையும் கூட்டுகிறார்கள்: வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 26,001 பவுண்டு, அதாவது சுமார் 11,800 கிலோ, அல்லது அதற்கு மேல் வந்து, டிரெய்லர் மட்டும் 10,000 பவுண்டைத் தாண்டினால் ஏ வகுப்பு கமர்ஷியல் லைசென்ஸ் வேண்டும். அந்த ஊர்க் கணக்கு நம் ஊர் கோர்ட்டில் செல்லாது. இங்கே 7,500-க்குள் நிற்கும் லாரியில் கனமான டிரெய்லரைக் கட்டினால் இன்சூரன்ஸ் தரப்பு இரண்டு ஆர்சியையும் கூட்டிக் காட்டத்தான் பார்க்கும். அந்த வாதத்துக்கே இடம் வைக்காமல் டிஆர் உள்ள டிரைவரைப் போடுங்கள் என்பதுதான் என் யோசனை. அவருக்கு 20 வயது முடிந்திருக்க வேண்டும். எல்எம்வி எடுத்து ஒரு வருடம் ஆன பிறகுதான் டிரான்ஸ்போர்ட்டுக்கு எல்எல்ஆரே தருவார்கள்.

லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தால் ஓனருக்கு 5,000 ரூபாய் அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் ஓனரைச் சாய்ப்பது அதுவல்ல. அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கட்டிவிட்டு, பிறகு முழுத் தொகையையும் உங்களிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று வரும் உத்தரவுதான். இதில் ஓனருக்கு ஒரு பிடி உண்டு. 2004-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னபடி, லைசென்ஸ் செல்லாது என்பது மட்டும் கம்பெனிக்குப் போதாது, ஓனர் நியாயமான கவனம் எடுக்கவில்லை என்றும் அது காட்ட வேண்டும். அதனால் வேலைக்குச் சேர்க்கும்போதே டிரைவரின் லைசென்ஸை அரசின் சாரதி இணையதளத்தில் பார்த்து ஒரு பிரிண்ட் எடுத்து ஃபைலில் வையுங்கள். டிஆர் தேதியைப் போனில் அலாரமாகப் போடுங்கள்.

ஓமலூர்க்காரரிடம் பிரிண்டும் இல்லை, அலாரமும் இல்லை. போதாக்குறைக்கு அந்த டிரெய்லர் பட்டறையில் வெல்டிங் வைத்துச் செய்தது. ஆர்சி கிடையாது, பாலிசியில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. டிரெய்லரையும் வண்டியைப் போலவே பதிவு செய்ய வேண்டும், இழுக்கும் வண்டியின் நம்பர் அதன் பின்னாலும் தெரிய வேண்டும் என்று நான் சொன்னபோது அவர் முதல் முறையாகக் கேட்பதுபோல் பார்த்தார்.

வசூல் உத்தரவு வந்ததும் லாரியை விற்றார். கம்ப்ரசர் இன்னும் அதே டிரெய்லரில், பட்டறை வாசலில் நம்பர் இல்லாமல் நிற்கிறது.