கொதிக்கும்போது அல்ல, ஆறும்போது

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒதுங்கிய கட்டை ஒன்றை எடுத்துவந்த வாசகர் கேட்கிறார்: “மீன் தொட்டியில் வைக்க ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தேன். உடனே எடுத்துத் தொட்டியில் போட்டால் மிதக்கிறதே?”

முதலில் கட்டையைச் சரிபாருங்கள். நகம் பதிந்தால் உளுத்தது, வேண்டாம். ஆணி, பெயின்ட், தார் இருந்தாலும் வேண்டாம். பிச்சாவரம் பக்கத்திலேயே இருப்பதால் இன்னொன்று: அலையாத்திக் காட்டுத் தில்லை மரத்தின் பால் கண்ணைக் கெடுக்கும். பச்சை வாடை போகாத கட்டையைத் தொடாதீர்கள். கடல் கட்டையில் உப்பு ஊறியிருக்கும். நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். ஊறிய தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) குழாய்த் தண்ணீரின் அளவுக்கு இறங்கினால் போதும்.

சரி, ஏன் மிதக்கிறது? தேக்கோ மிக லேசான பால்சா மரமோ, எந்த மரத்தின் செல்சுவரும் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.5 கிராம். தண்ணீரோ 1 கிராம்தான். அப்படியானால் மரப்பொருள் மூழ்கத்தான் வேண்டும். அதைத் தூக்கிப் பிடிப்பது நுண்குழாய்களில் அடைபட்ட காற்று. வெறுமனே ஊறப்போட்டால் அந்தக் காற்று கரைந்து வெளியேற மாதக்கணக்கில்கூட ஆகலாம்.

கொதிக்கும்போது காற்று விரிந்து, வெட்டுமுனையிலிருந்து பொடிக் குமிழிகளாகச் சரம்சரமாக வெளியேறும். அந்த இடத்தை நீராவி பிடித்துக்கொள்ளும். அடுப்பை அணைத்ததும்தான் விசேஷம். உள்ளே இருக்கும் நீராவி குளிர்ந்து, ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில் தண்ணீராகச் சுருங்கும். உள்ளே அழுத்தம் விழ, வெளியே உள்ள காற்றழுத்தம் பாத்திரத்துத் தண்ணீரை மரத்துக்குள் தள்ளும். சூடான சாம்பார் ஊற்றி இறுக மூடிய டப்பா, ஆறியபின் திறக்க மறுப்பதும் இதனால்தான். ஆக, கட்டை தண்ணீர் குடிப்பது கொதிக்கும்போது அல்ல, ஆறும்போது. சுடச்சுட வெளியே எடுத்தால் அது காற்றைத்தான் இழுக்கும். உங்களுக்கு நடந்ததும் அதுவே. அந்தத் தண்ணீரிலேயே முழுக அமிழ்த்தி ஆறவிடுங்கள். மிதந்தால் திரும்பவும் கொதிக்கவிட்டு, திரும்பவும் ஆறவிடுங்கள். குக்கரும் பிளீச்சிங் பவுடரும் வேண்டாம். மரம் குளோரினை உறிஞ்சி வைத்துக்கொண்டால் மீனுக்கு ஆபத்து.

அப்புறம் தண்ணீர் டீ நிறமாகும். அது மரத்திலிருந்து கரைந்து வரும் டானின் என்ற துவர்ப்புப் பொருள், பயமில்லை. கட்டைமேல் வெள்ளை வழவழப்பு படர்ந்தாலும் பிரஷால் தேய்த்துவிடலாம்.

மீன் செத்தால் “திருஷ்டியை வாங்கிக்கொண்டது” என்று சொல்லித் தூக்கிப்போடும் வழக்கம் எனக்குக் கோபத்தையே தருகிறது. அப்படிச் சொன்னதும் காரணம் தேடுவது நின்றுவிடுகிறது, அடுத்த மீனும் சாகிறது. புதுக் கட்டை வைத்தபின் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், உடனே கட்டையை எடுத்துவிட்டு, கால்பங்கு தண்ணீரை மாற்றி, அம்மோனியா அளவைச் சோதியுங்கள்.