பல்லி மாதிரி ஒட்டினால் வழுக்கும்

எனக்குப் பத்துப் பதினோரு வயது இருக்கும். ஊருக்கு வெளியே இருந்த பொத்தையில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு விறுவிறுவென்று ஏறிவிட்டேன். திருநெல்வேலிப் பக்கம் சின்னப் பாறைக் குன்றைப் பொத்தை என்றுதான் சொல்வோம். பாதிச் சரிவில் நின்று கீழே பார்த்ததும் கால் நடுங்க ஆரம்பித்துவிட்டது. வயிற்றையும் கன்னத்தையும் பாறையோடு சேர்த்து ஒட்டிக்கொண்டேன். ஒட்ட ஒட்டக் கால் வழுக்கியது. கீழே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் அண்ணாந்து பார்த்துச் சத்தம் போட்டார்: “ஏல, பல்லி மாதிரி ஒட்டாத. நிமுந்து நில்லுல, காலு பிடிக்கும்!”

நிமிர்ந்தேன். கால் பிடித்தது. உட்கார்ந்து நகர்ந்து, முட்டியில் சிராய்ப்போடு இறங்கி வந்தேன். அவர் சொன்னது சுத்தமான இயற்பியல் என்று புரியப் பல வருஷம் ஆனது.

சரிவில் நிற்கும்போது நம் எடை இரண்டு வேலை செய்கிறது. ஒரு பங்கு பாறையை அழுத்துகிறது, இன்னொரு பங்கு சரிவோடு கீழே இழுக்கிறது. இழுப்பைத் தடுப்பது உராய்வு. அழுத்தம் கூடினால் உராய்வும் கூடும். நிமிர்ந்து நின்றால் அழுத்தம் முழுவதும் பாதத்துக்குப் போகும். பாறையில் படுத்தால் வயிறும் கையும் பங்குக்கு வந்துவிடும். வியர்த்த உள்ளங்கைக்கும் சட்டைத் துணிக்கும் பாதம் அளவுக்குப் பிடிப்பு கிடையாது. அதனால்தான் பயந்தவன் வழுக்குகிறான்.

எவ்வளவு சரிவுவரை நிற்கலாம்? அழுத்தத்தில் எத்தனை பங்கு உராய்வாகக் கிடைக்கும் என்று சொல்கிற எண்தான் உராய்வுக் கெழு. அது 0.5 என்றால் சுமார் 27 பாகை. 1 என்றால் 45 பாகை. பாறை ஏறுவதற்கென்று செய்த ஷூவின் ரப்பர், காய்ந்த சொரசொரப்பான பாறையில் இந்த 1-ஐ நெருங்கும். அந்த ரப்பர் மிருதுவானது. மிதித்ததும் பாறையின் பொடிப் பள்ளங்களுக்குள் கொஞ்சம் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். ரொம்பச் சூடானால் இளகிப் பிடிப்பு குறைந்துவிடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் குளிர்ந்த பாறையைத்தான் தேடுவார்கள். நம்மூர் வெயிலில் பகல் பதினோரு மணிக்குப் பொத்தையில் தோசை சுடலாம், ஏற முடியாது. மார்கழி, தை மாதத்து விடிகாலைதான் தோது.

பாறையும் லேசுப்பட்டதில்லை. இந்தப் பக்கத்து மலைகளில் நைஸ், சார்னகைட் என்ற இரண்டு வகைப் பழங்காலப் பாறைகள்தான் அதிகம். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறையில் பதித்த கல் இரண்டாவது ரகம் என்பதால், தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் அதற்குச் சார்னக்கின் பெயரையே வைத்துவிட்டார். பாவம், அந்தக் கல் போனதோ நம் சென்னைப் பக்கத்திலிருந்து. இந்தப் பாறைகளில் இருக்கிற கனிமங்களில் ஃபெல்ட்ஸ்பார் மழையிலும் வெயிலிலும் சீக்கிரம் கரையும், குவார்ட்ஸ் கரையாது. அதனால் குவார்ட்ஸ் மணிகள் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். புதிதாய்க் கொத்திய அம்மியைத் தடவிப் பாருங்கள், அப்படித்தான் இருக்கும். அதே கல் தாமிரபரணி ஆற்றுக்குள் கிடந்தால் தண்ணீரும் மணலும் தேய்த்து வழுவழுவென்று ஆக்கிவிடும். படித்துறையில் வழுக்கி விழுந்த எல்லாருக்கும் இது தெரியும்.

பெரிய பாறைகள் வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக உரியும். உரிந்தும் விழாமல் நிற்கிற பலகையைப் பிடித்துத் தொங்கினால் பலகையோடு நாமும் வர வேண்டியதுதான். எனவே பிடிப்பதற்கு முன் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார்கள். பாறையோடு ஒன்றாக இருந்தால் சத்தமே வராது, கைதான் வலிக்கும். ‘டொப்’ என்று பொள்ளலாகக் கேட்டால் உள்ளே இடைவெளி இருக்கிறது. நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களைத் தட்டினால் சுரம் வருவதற்கும் அடிப்படை இதுதான்: இருபுறமும் சுதந்திரமாக நிற்கிற மெல்லிய கல் அதிரும், மலையோடு சேர்ந்த கல் அதிராது.

சரி, செங்குத்தான பாறையில்? அங்கே நிமிர்ந்து நிற்கச் சரிவு ஏது? பனையேறியைப் பாருங்கள். மரத்தில் படிக்கட்டு இல்லை. இரண்டு காலையும் தளைநாரில் மாட்டிக்கொண்டு, மரத்தை இரு பக்கமும் பாதத்தால் கவ்வுகிறார். எடை இறங்க இறங்க நார் இறுகிப் பாதத்தை மரத்தோடு அழுத்துகிறது. இல்லாத அழுத்தத்தை அவரே உண்டாக்குகிறார். பாறையிலும் அதே வித்தைதான். இரண்டு பாறைக்கு நடுவே இடுக்கு இருந்தால் முதுகை ஒன்றிலும் காலை இன்னொன்றிலும் முட்டுக் கொடுத்து ஏறுவார்கள். தள்ளத் தள்ளப் பிடிப்பு கூடும். பனையேறியின் கையைவிடக் காலைக் கவனியுங்கள்: உடம்பை மேலே தூக்குவது காலும் தொடையும்தான், கை அணைத்துக்கொண்டு மட்டும் இருக்கும். புதிதாய்ப் பாறை ஏற வருகிறவர்கள் இதை நேர் தலைகீழாகச் செய்து, பத்தே நிமிஷத்தில் முன்கை கல்லாகி உட்கார்ந்துவிடுவார்கள்.

முன்கை ஏன் கல்லாகிறது? ஒரு கையால் மற்ற முன்கையைப் பிடித்துக்கொண்டு விரல்களை மடக்கிப் பாருங்கள். தசை அசைவது முன்கையில். விரலை மடக்கும் முக்கியத் தசைகள் அங்கேதான் இருக்கின்றன. அவற்றின் தசைநாண்கள் விரல்வரை நீண்டு இழுக்கின்றன. இறுக்கிப் பிடித்தபடியே இருந்தால் வீங்கிய தசை தன் ரத்தக் குழாய்களையே நெரித்துவிடும். புது ரத்தம் வராது, கழிவும் போகாது. அதனால்தான் தேர்ந்தவர்கள் நடுவில் கையைத் தொங்கவிட்டு உதறிக்கொள்கிறார்கள். விரலுக்குள் தசைநாணை எலும்போடு சேர்த்துப் பிடிக்கச் சின்னச் சின்ன வளையங்கள் உண்டு, தூண்டில் கம்பில் நரம்பு ஓடும் வளையம்போல. விளிம்பில் விரலை மடக்கித் தொங்கும்போது இவற்றின் மேல் விரல்நுனியில் இருப்பதைவிடப் பல மடங்கு விசை விழும். தசை சில மாதங்களில் வலுவாகிவிடும், இந்த வளையங்கள் வலுவாக வருஷக்கணக்காகும். அவசரக்காரர்கள் அறுத்துக்கொள்வது இதைத்தான்.

கையில் பூசும் வெள்ளைப் பொடி மெக்னீசியம் கார்பனேட், வியர்வையை உறிஞ்ச. அது உண்மையில் எவ்வளவு உதவுகிறது என்பதில் ஆய்வுகள் ஒரே பதிலைச் சொல்லவில்லை. ஆனால் பூசாமல் ஏறுகிறவர்கள் குறைவு, திருநீறு மாதிரி.

இனிக் கயிறு. கிணற்றில் வாளி கட்டுகிற கயிற்றை இடுப்பில் கட்டி ஏறலாமா? அறுந்துவிடும் என்பது மட்டுமல்ல பிரச்சினை. அறாவிட்டாலும் ஆபத்து. 4 மீட்டர் விழுகிற ஆளை 5 சென்டிமீட்டரில் வெடுக்கென்று நிறுத்தினால், அவர் உடம்பில் சராசரியாக எடையைப்போல் சுமார் 80 மடங்கு விசை விழும். 1 மீட்டர் தூரத்தில் மெல்ல நிறுத்தினால் 5 மடங்குதான். அதனால்தான் ஏறும் கயிறு நைலானில், இழுபட்டு நீளும்படி பின்னப்படுகிறது. ஒற்றைக் கயிற்றுக்கான சோதனையில் 80 கிலோ எடையை விழவிட்டு, முதல் விழுகையில் விசை 12 கிலோநியூட்டனை (சுமார் 1,200 கிலோ எடையின் இழுப்பை) தாண்டக்கூடாது, நீட்சி 40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி. இரண்டாம் உலகப் போருக்கு முன் மணிலா மாதிரியான நார்க்கயிறுதான். ‘விழாமல் இருப்பதே நல்லது’ என்று அந்தக் காலத்து ஆட்கள் ஏறினார்கள்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. எவ்வளவு விழுந்தோம் என்பது மட்டும் கணக்கல்ல, ஏறுகிறவருக்கும் கீழே அவர் கயிற்றைப் பிடித்திருப்பவருக்கும் நடுவே எவ்வளவு கயிறு இருக்கிறது என்பதும் கணக்கு. விழுந்த உயரத்தைக் கயிற்றின் நீளத்தால் வகுத்து வருவது ‘ஃபால் ஃபேக்டர்’. 20 மீட்டர் கயிறு விட்டு 4 மீட்டர் விழுந்தால் 0.2, நீண்டுகொடுக்க நிறையக் கயிறு இருக்கிறது. கயிறு பிடிப்பவருக்கு மேலே 2 மீட்டர் மட்டும் ஏறி, நடுவில் பாறையில் எங்கும் கயிற்றை மாட்டாமல், அவரைத் தாண்டி 4 மீட்டர் விழுந்தால் 2, மிக மோசம். இரண்டும் ஒரே 4 மீட்டர்தான்.

கயிறே இல்லாமல் ஏறுவோரும் உண்டு. 2017-ல் அலெக்ஸ் ஹானல்ட் அமெரிக்காவின் எல் கேப்பிட்டன் என்ற செங்குத்துப் பாறையில் சுமார் 900 மீட்டர் அப்படி ஏறினார். ரசிக்கலாம், பின்பற்ற வேண்டாம். தரையில் மெத்தை போட்டுச் சின்னப் பாறையில் ஏறும் போல்டரிங்கும் இருக்கிறது; நம் பொத்தைகளுக்கு அதுதான் பொருத்தம், அதற்கு ஹம்பி பேர்போன இடம். 15 மீட்டர் சுவரில் ஓட்டமாய் ஏறுகிற பந்தயம் டோக்கியோவிலிருந்து ஒலிம்பிக்கிலும் இருக்கிறது. அது எனக்குப் பாறை ஏறுவதாகவே தோன்றுவதில்லை, சுவரில் நடக்கும் நூறு மீட்டர் ஓட்டம்.

ஏறுமுன் பாறையின் தொங்கலில் மலைத்தேனீ அடை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் அனுமதியில்லாமல் கால் வைக்கக்கூடாது. கழுகுமலை மாதிரிச் சிற்பம் இருக்கிற பாறையைக் கண்ணால் பார்ப்பதோடு சரி.

அப்புறம், இறங்குவது. கயிறு கட்டிப் பாறையில் ஏறி முடித்ததும் மேலே இருந்து பின்னால் சாய்ந்து, காலை அகட்டிப் பாதத்தைப் பாறையில் தட்டையாக வைத்து, கயிறு பிடிப்பவர் இறக்க இறக்கப் பின்னோக்கி நடந்து வர வேண்டும். சாயச் சாயத்தான் பாதம் பாறையை அழுத்தும். மனசு கேட்காது, புதிதாய் வருகிறவர்கள் அந்த இடத்தில் பாறையைக் கட்டிப்பிடிப்பார்கள், கால் நழுவும், முட்டி இடிக்கும். பெரியவர் சொன்னது நினைவிருந்தும் முதல்முறை நானும் அதையேதான் செய்தேன். சிறு வயதில் சிராய்த்த அதே முட்டியில்தான் அடி.