ஜீவகிரீடம்: முடியா, வாகையா?

வன்னியில் செத்தவீட்டுப் பிரசங்கங்களிலும் சேமக்காலைக் கற்களிலும் அடிக்கடி வருகிற வேதாகம வசனம் ஒன்று: “நீ மரணபரியந்தம் உண்மையாயிரு, அப்பொழுது ஜீவகிரீடத்தை உனக்குத் தருவேன்” (வெளிப்படுத்தின விசேஷம் 2:10). கிரீடம் என்றால் சின்ன வயதில் எனக்குத் தெரிந்தது கோவலன் கூத்தில் பாண்டிய ராசா போடுகிற மினுங்கல் முடிதான். அம்மம்மா செத்தபோது, மோட்சத்தில் அப்படியொன்றைப் போட்டுக்கொண்டு இருப்பா என்று நம்பினேன்.

‘ஜீவ’, ‘கிரீடம்’ இரண்டுமே வடசொற்கள். கிரேக்க மூலத்தில் இந்த இடத்தில் இருக்கும் சொல் ஸ்தெபானோஸ். சுற்றிக் கட்டுவது என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது. ஓட்டத்திலும் மல்யுத்தத்திலும் வென்றவனின் தலையில் இலையால் பின்னி வைக்கும் வளையம் அது. ஒலிம்பியாவில் காட்டு ஒலிவ இலை. கொரிந்துப் பக்கத்து விளையாட்டில் பைன் இலை. அரசன் தலையில் கட்டும் பட்டைக்கு தியாதேமா என்று வேறு சொல் இருந்தது. வெளிப்படுத்தின விசேஷம் 19:12இல் கிறிஸ்துவின் தலையில் இருப்பவை அவைதான். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இரண்டையும் ‘கிரீடம்’ என்றே எழுதியதால் வித்தியாசம் மறைந்துபோயிற்று. ஆனால் 1 பேதுரு 5:4இல் “மகிமையுள்ள வாடாத கிரீடம்” என்று வருகிறதே, பொன் எங்கே வாடும்? இலை என்பதால்தான் ‘வாடாத’ என்று சொல்லவேண்டி வந்தது.

‘உண்மையாயிரு’ என்பதையும் பொய் சொல்லாதே என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. நம்பிக் கையில் கொடுத்ததைக் கைவிடாதே என்பதுதான் பொருள். வசனம் எழுதப்பட்டது சிமிர்னா ஊர்ச் சபைக்கு. இன்றைய துருக்கியின் இஸ்மிர். அதே ஊரின் ஆயர் பொலிகார்ப், 2ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிறிஸ்துவை மறுதலிக்கச் சொன்னபோது, “86 வருடம் அவருக்கு ஊழியம் செய்தேன், அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை” என்று சொல்லிவிட்டுத் தீக்குப் போனார்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 1995இல் வந்த புதிய வேதாகம மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இந்த வசனத்தில் ‘முடி’ என்கிறது. பவுல் 2 தீமோத்தேயு 4:8இல் பேசும் இடத்தில் ‘வெற்றி வாகை’ என்கிறது. முடி நல்ல தமிழ்தான், ஆனால் அதிலும் ராசா வாசம் போகவில்லை. வாகை அப்படியில்லை. போரில் வென்றவர் வாகைப் பூச் சூடியதால், பழந்தமிழ்ப் பாட்டில் வெற்றியைப் பாடும் திணைக்கே அந்தப் பெயர். தலையில் சூடுவது, செடியிலிருந்து வந்தது, வென்றவருக்குரியது. ஸ்தெபானோஸுக்கு இதைவிடக் கிட்டவான சொல் தமிழில் எனக்குத் தெரியவில்லை.

எனக்குள்ளே ஒரு ஆசையும் உண்டு. மதிலைக் காத்து நின்றவர் சூடிய பூ நொச்சி. கிளிநொச்சியின் பெயரிலேயே இருக்கிற அந்த நொச்சிதான். பவுலும் அந்த வெற்றி வாகைக்கு முந்தின வசனத்தில் (4:7) “விசுவாசத்தைக் காத்துக்கொண்டேன்” என்கிறார், எதையும் கைப்பற்றினேன் என்று சொல்லவில்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போன காலத்திலும் செபமாலையையும் வேதப்புத்தகத்தையும் பையில் வைத்துக்கொண்டு நடந்த எங்கள் கிழவிகளுக்கு நொச்சிதான் பொருத்தம். ஆனால் ‘ஜீவ நொச்சி’ என்று எழுதினால் கசாயம் என்று நினைப்பார்கள். ஆகவே ‘வாழ்வின் வாகை’ போதும்.

கிரேக்கச் சொல் ஆளின் பெயராகவும் எங்களிடம் வந்திருக்கிறது. கல்லெறிபட்டுச் செத்த முதல் இரத்தசாட்சி ஸ்தேவானின் பெயர் அதே ஸ்தெபானோஸ்தான். கத்தோலிக்கர் அவரைத் தமிழில் முடியப்பர் ஆக்கினார்கள். முடியப்பு என்று பெயர் வைத்திருக்கும் ஆட்கள் தங்கள் பெயரில் இருப்பது இலை வளையம் என்று அறிந்தால் சிரிப்பார்களோ என்னவோ.