ஆர்லாண்டோ டிஸ்னி பயணம்: பணம் கட்டுவதற்கு முன் பேச வேண்டியவை

திருச்சி தில்லைநகரில் இருக்கும் எங்கள் சுற்றுலா ஏற்பாட்டு அலுவலகத்தின் கதவு நிலையில் பென்சிலால் ஐந்து கோடுகள் போட்டு வைத்திருக்கிறேன். 97, 102, 112, 122, 130. எல்லாம் சென்டிமீட்டர் கணக்கு. ஆர்லாண்டோ போக வேண்டும் என்று யார் வந்தாலும், விலை பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் பிள்ளைகளை ஷூவோடு அந்த நிலையில் சாய்ந்து நிற்கச் சொல்வேன்.

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோவில் உள்ள டிஸ்னி வேர்ல்டு, யுனிவர்சல் என்ற இரண்டு கேளிக்கைப் பூங்கா வளாகங்களிலும் பெரிய ரைடுகள் ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்ச உயரம் உண்டு. 97 இருந்தால் செவன் ட்வார்ஃப்ஸ் மைன் டிரெயினில் ஏறலாம். டவர் ஆஃப் டெரருக்கு 102. ஸ்பேஸ் மவுன்டன், எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட் இரண்டுக்கும் 112. ட்ரான் ரைடுக்கு 122. யுனிவர்சலின் வெலோசிகோஸ்டருக்கு 130. வயது எத்தனை என்று யாரும் கேட்பதில்லை. வாசலில் அளவுகோலோடு ஊழியர் நிற்பார், தலை கோட்டைத் தொடவில்லை என்றால் அனுப்ப மாட்டார்.

இரண்டு வருடத்துக்கு முன் ஓர் ஏழு வயதுப் பெண் வந்தாள். ட்ரான் வீடியோவை அவள் எத்தனை முறை பார்த்தாளோ, எந்த வளைவில் வண்டி எப்படிச் சாயும் என்று கையை வைத்துக் காட்டினாள். நிலையில் நிறுத்தி அளந்தேன். 118. அப்பா மெதுவாகக் கேட்டார்: "நாலு சென்டிமீட்டர்தானே சார், அவ்வளவு தூரம் போனா விட்டுற மாட்டாங்களா?" விட மாட்டார்கள். அது பாதுகாப்புப் பட்டை உடம்பில் சரியாகப் பொருந்துவதற்கான அளவு. அந்தக் குடும்பம் பயணத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளி வைத்தது. அவர்களிடம் நான் அன்றைக்கே பணத்தை வாங்கியிருக்கலாம். ஆனால் பதினைந்தாயிரம் கிலோமீட்டர் தாண்டிப் போய் வாசலில் நின்று அழும் குழந்தையை என்ன சொல்லித் தேற்றுவது?

உயரம் போதாத தம்பியோ தங்கையோ கூட வந்தால் பெற்றோர் ஆளுக்கொரு ரைடாக விட்டுக்கொடுக்க வேண்டாம். டிஸ்னியில் ரைடர் ஸ்விட்ச் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது, யுனிவர்சலிலும் அதைப் போல ஒன்று உண்டு, கட்டணம் கிடையாது. அப்பா பெரியவனோடு போய் வரும்வரை அம்மா சின்னவனோடு இருப்பார். பிறகு அம்மா அந்த நீண்ட வரிசையில் மறுபடி முதலிலிருந்து நிற்காமல் ஏறலாம். வரிசையில் நுழைவதற்கு முன்பே ஊழியரிடம் கேட்டுவிட வேண்டும். எங்களிடம் போய் வந்தவர்களில் பாதிப் பேருக்கு இது முன்னால் தெரிந்திருக்கவில்லை.

சரி, உயரம் பார்த்தாகிவிட்டது. அடுத்தது விசா. இதைத்தான் நான் தொண்டை வலிக்கச் சொல்கிறேன். விசா கையில் வரும்வரை பணம் திரும்பக் கிடைக்காத எதையும் வாங்காதீர்கள். விமான டிக்கெட்டும் வேண்டாம், பூங்கா டிக்கெட்டும் வேண்டாம், "இன்று மட்டும் 40 சதவீதம் தள்ளுபடி" என்று காட்டும் ஹோட்டல் அறையும் வேண்டாம். விசா கிடைப்பதற்கு முன் டிக்கெட் வாங்க வேண்டாம் என்று அமெரிக்க அரசே சொல்கிறது. ஆனால் "டிக்கெட் காட்டினால்தான் விசா தருவார்கள்" என்ற பேச்சு ஊரில் இன்னும் ஓயவில்லை. ஒரு குடும்பம் இணையதளம் ஒன்றில் நாலு பேருக்கும் விமானம், ஹோட்டல் எல்லாவற்றையும் கட்டி முடித்த பிறகு விசாவுக்காக எங்களிடம் வந்தது. சென்னையில் அவர்களுக்குக் கிடைத்த நேர்காணல் தேதி, புறப்படும் தேதிக்கு ஆறு வாரம் கழித்து. கட்டியதில் பெரும்பகுதி திரும்பவில்லை. அந்த அம்மா ரசீதுகளை ஒரு பிளாஸ்டிக் கவரில் வைத்துக்கொண்டு எங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

சுற்றுலா விசாவுக்குக் கட்டணம் ஆளுக்கு 185 டாலர். மறுத்தாலும் திரும்பாது. கைக்குழந்தைக்கும் தனியாகக் கட்ட வேண்டும். 14 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்கு முன்பு நேர்காணல் பெரும்பாலும் தேவைப்படவில்லை. 2025 செப்டம்பரிலிருந்து அந்தச் சலுகை போய்விட்டது, அவர்களையும் அழைத்துப் போக வேண்டும். காத்திருப்பு சில காலங்களில் பல மாதம் நீளும். அதனால் பயணத்துக்கு ஒரு வருடம் முன்பே விசா வேலையைத் தொடங்குங்கள். பெரும்பாலோருக்குப் பத்து வருட விசாதான் கொடுக்கிறார்கள், சீக்கிரம் வாங்கிவிட்டதால் நட்டம் ஒன்றுமில்லை. பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்குத்தான் என்பதை மட்டும் முதலில் பாருங்கள்.

எப்போது போவது? நம் வீடுகளில் அரையாண்டு விடுமுறை என்று டிசம்பர் கடைசியைத்தான் முதலில் சொல்வார்கள். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரைக்கும் ஆர்லாண்டோவில் கால் வைக்க இடம் இருக்காது, விலையும் உச்சத்தில் இருக்கும். நான் சொல்வது மே மாதத்தின் முதல் மூன்று வாரம். நம் பிள்ளைகளுக்கு முழு ஆண்டு விடுமுறை. அமெரிக்கப் பிள்ளைகள் ஈஸ்டர் விடுமுறை முடிந்து பள்ளிக்குத் திரும்பியிருப்பார்கள். மே கடைசித் திங்களன்று வரும் மெமோரியல் டே விடுமுறைக்குப் பிறகு கூட்டம் ஏறும். நடுவில் உள்ள அந்த இடைவெளி நம் பள்ளிக் காலண்டருக்காகவே அமைந்தது போல இருக்கிறது. வெயில் 30 டிகிரிக்கு மேல் போகும், திருச்சிக்காரர்களுக்கு அது ஒரு பொருட்டில்லை. ஜூன் தொடங்கி நவம்பர் வரை அங்கே புயல் காலம். 2024 அக்டோபரில் மில்டன் புயல் வந்தபோது பூங்காக்களையே மூடினார்கள். கோடையில் மதியம் இடிமின்னல் வந்தாலும் வெளிப்புற ரைடுகளை நிறுத்திவிடுவார்கள்.

விமானத்துக்கு வருவோம். இந்தியாவிலிருந்து ஆர்லாண்டோவுக்கு நேரடி விமானம் இல்லை. துபாயிலிருந்து எமிரேட்ஸ் நேராக ஆர்லாண்டோவில் இறக்குகிறது, சென்னையிலிருந்து ஒரே மாற்றம்தான். மற்றபடி நியூயார்க் போன்ற ஏதாவது ஓர் ஊரில் இறங்கி, உள்நாட்டு விமானம் மாற வேண்டியிருக்கும். இந்த இடத்தில்தான் மலிவு டிக்கெட் தன் வேலையைக் காட்டும். அமெரிக்காவில் முதலில் எந்த ஊரில் இறங்குகிறீர்களோ அங்கேயே குடியேற்றச் சோதனை, அங்கேயே பெட்டிகளை எடுத்துச் சுங்கம் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும். இரண்டு பிள்ளைகள், ஆறு பெட்டி, தூக்கம் இல்லாத உடம்பு. ஒன்றரை மணி நேர இடைவெளி இதற்கு எந்த மூலைக்குக் காணும்? மூன்று மணி நேரத்துக்குக் குறைந்து நான் போடுவதில்லை. எல்லாப் பயணமும் ஒரே பி.என்.ஆரில் இருக்கட்டும். தனித்தனி டிக்கெட்டாக வாங்கினால் பத்தாயிரம் ரூபாய் மிச்சமாகும்தான். ஆனால் முதல் விமானம் தாமதமாகி அடுத்ததை விட்டுவிட்டால் கேட்க நாதி இருக்காது.

பெட்டி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பாட்டிமார் ஈரத்துணியில் சுற்றிக் கொடுக்கும் கறிவேப்பிலையை வீட்டிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். ஃப்ளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்த பசுமை நோயைப் பரப்பும் பூச்சி, கறிவேப்பிலையிலும் வாழும். 2005-இல் அந்த நோய் அங்கே கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து எத்தனையோ தோட்டக்காரர்கள் தொழிலையே விட்டுவிட்டார்கள். அதனால் சோதனையில் கறாராக இருக்கிறார்கள். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் கொண்டுபோகலாம், ஆனால் சுங்கப் படிவத்திலோ அதிகாரி கேட்கும்போதோ உணவுப் பொருள் இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். டிஸ்னி பூங்காவுக்குள்ளேயே வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டுபோக அனுமதி உண்டு, கண்ணாடிப் பாத்திரம் கூடாது. தயிர்சாதம் கட்டிக்கொண்டு போன குடும்பங்கள் நிறைய.

எத்தனை நாள் என்பதில்தான் என்னிடம் அதிகம் வாதாடுவார்கள். டிஸ்னியில் நாலு பூங்கா: 1971-இல் திறந்த மேஜிக் கிங்டம், அப்புறம் எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம். யுனிவர்சலில் 2025 மே மாதம் எபிக் யுனிவர்ஸ் திறந்த பிறகு, தண்ணீர்ப் பூங்காவைச் சேர்க்காமலே மூன்று. ஏழையும் ஏழு நாளில் அடுத்தடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று பட்டியல் எழுதிக்கொண்டு வருவார்கள். ஒரு நாளைக்குப் பத்து கிலோமீட்டருக்குக் குறையாமல் நடக்க வேண்டியிருக்கும் என்று சொன்னால் யோசிப்பார்கள். கோடையில் நேர வித்தியாசம் ஒன்பதரை மணி. முதல் இரண்டு நாள் பிள்ளைகள் அதிகாலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு, மதியம் சோற்றுத் தட்டிலேயே தூங்கிவிழுவார்கள். நான் போட்டுத் தரும் திட்டத்தில் இறங்கிய மறுநாள் பூங்காவே இருக்காது. இரண்டு பூங்கா நாளுக்கு ஒரு ஓய்வு நாள். ஆறு வயதுப் பிள்ளைக்கும் தள்ளுவண்டி எடுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை, அங்கே எல்லோரும் எடுக்கிறார்கள். தாத்தா பாட்டி வீட்டில் நன்றாக நடக்கிறவர்களாக இருந்தாலும் சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும் என்பதை முன்பே சொல்லி மனதைத் தயார் செய்யுங்கள்.

டிஸ்னி டிக்கெட்டில் மூன்று வயது நிரம்பாத குழந்தைக்குக் கட்டணம் இல்லை. 3 முதல் 9 வயது வரை குழந்தைக் கட்டணம், பத்து ஆனால் பெரியவர். இரண்டு வயது பதினொரு மாதக் குழந்தை உள்ளவர்களும், பத்தாம் பிறந்தநாள் நெருங்கும் பிள்ளை உள்ளவர்களும் தேதியை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். நாட்கள் கூடக் கூட ஒரு நாளின் விலை இறங்கும். மிச்சமான நாட்கள் உள்ள டிக்கெட் என்று யாராவது வாட்ஸப்பில் பாதி விலைக்குத் தந்தால் வாங்கவே வாங்காதீர்கள். முதல் ஆள் நுழையும்போதே டிக்கெட்டோடு விரலையும் பதிவு செய்துவிடுவார்கள், அடுத்தவர் விரலுக்குக் கதவு திறக்காது.

வரிசையைக் குறைக்கும் லைட்னிங் லேன் தனிக் கட்டணம். டிஸ்னியின் சொந்த ஹோட்டலில் தங்குகிறவர்கள் ஏழு நாள் முன்னும், மற்றவர்கள் மூன்று நாள் முன்னும் பதிவு செய்யலாம். பதிவு திறப்பது அங்கே காலை ஏழு மணிக்கு. கோடையில் நமக்கு அது மாலை நாலரை. அந்த நேரத்தில் பல குடும்பங்கள் விமானத்தில் இருக்கும். அதனால் ஊரில் இருக்கும் யாராவது ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் போங்கள். எங்களிடம் பதிவு செய்தவர்களுக்கு நானே நாலே காலுக்கு கணினி முன் உட்கார்ந்துவிடுவேன். எல்லா நாளுக்கும் வாங்கத் தேவையில்லை. மேஜிக் கிங்டம், ஹாலிவுட் ஸ்டூடியோஸ் இரண்டுக்கும் வாங்கினால் பெரும்பாலும் போதும்.

ஹோட்டல் விளம்பரத்தில் "டிஸ்னி அருகில்" என்ற சொல்லை நம்பாதீர்கள், வரைபடத்தில் தூரத்தைப் பாருங்கள். இணையத்தில் முதலில் தெரியும் அறை வாடகை பெரும்பாலும் முழு வாடகை அல்ல. ஆர்லாண்டோ நகரம் இருக்கும் ஆரஞ்சு கவுண்டியில் (நம் மாவட்டம் போல) அறைக்கு வரி 12.5 சதவீதம், பல ஹோட்டல்களில் தினசரி ரிசார்ட் கட்டணம் வேறு. வாடகைக் கார் எடுத்தால் பூங்காவில் நிறுத்துவதற்கு ஒரு நாளைக்கு 30 டாலருக்குக் குறையாது. டிஸ்னி ஹோட்டலில் தங்கினால் அந்தச் செலவு இல்லை, இலவசப் பேருந்தும் உண்டு. இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் டிஸ்னி ஹோட்டலுக்கும் வெளி ஹோட்டலுக்கும் உள்ள வித்தியாசம் நினைத்ததைவிடச் சிறியதாகத்தான் வரும். அப்புறம், ஹோட்டல் வரவேற்பறையிலோ சாலையோரக் கடையிலோ "ஒன்றரை மணி நேரம் ஒரு விளக்கக் கூட்டத்துக்கு வாருங்கள், பூங்கா டிக்கெட் மிக மலிவு" என்று அழைப்பார்கள். அது விடுமுறை இல்லப் பங்கு விற்கும் கூட்டம். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் போய், நாலரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தார். பிள்ளைகள் அன்றைக்குப் பூங்காவையே பார்க்கவில்லை.

இங்கே பேக்கேஜாக வாங்கினால் டி.சி.எஸ். என்று ஒரு தொகை பிடிப்பார்கள். பலரும் அதை ஏஜென்ட் அடிக்கும் கொள்ளை என்றே நினைக்கிறார்கள். அது உங்கள் பான் எண்ணில் வரவு வைக்கப்படும் முன்வரி, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுவதால் பணம் கட்டும் நாளில் கேட்டுக்கொள்ளுங்கள். சான்றிதழை வாங்காமல் விடாதீர்கள்.

காப்பீட்டில் சர்க்கரை, ரத்த அழுத்தம் எதையும் மறைக்க வேண்டாம். மறைத்துவிட்டு அங்கே மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் ஒரே இரவின் பில் மொத்தப் பயணச் செலவைத் தாண்டிவிடும், காப்பீட்டு நிறுவனமும் கை விரித்துவிடும். பெரியவர்களின் மாத்திரைகளைப் பயண நாட்களைவிட ஒரு வாரத்துக்குக் கூடுதலாக, அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டிக்குள் வேண்டாம்.