பதிவுச் சான்றிதழ் வேறு, உரிமம் வேறு

இந்த ஆண்டில் என் மேசைக்கு வந்த நான்காவது தாள் அது. லெமினேட் செய்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதைப் பாஸ் புத்தகத்துக்குள் செருகிக் கொண்டுவந்திருந்தார் அந்த அம்மா. வயது ஐம்பத்திரண்டு. முப்பது வருடங்களுக்கு மேல் கொழுந்து பறித்தவர். சேமலாப நிதியிலிருந்து வந்த எட்டு லட்சத்துச் சொச்சத்தை நான்கு மாதங்களுக்கு முன் எங்கள் வங்கிக் கருமபீடத்தில்தான் எடுத்துப் போனார்.

"சேர், இது அரசாங்கத்தில் பதிந்த கம்பனிதானே? போனில் கணக்கு ஏறிக்கொண்டே இருக்கிறது. எடுக்கப் போனால்தான் வரவில்லை."

அந்தப் பணத்தைப் போட்ட செயலியில் அவருக்கு இப்போது பத்தொன்பது லட்சம் இருக்கிறதாம். அதை எடுக்க வேண்டுமென்றால் முதலில் "வரி" என்று இன்னும் எழுபதாயிரம் கட்ட வேண்டுமாம். பிரமிட் திட்டம் என்கிற இந்த வித்தையை விளக்கி நேரத்தை வீணாக்கப் போவதில்லை. பின்னால் வருகிறவனின் பணம்தான் முன்னால் போனவனுக்கு இலாபம், அவ்வளவுதான். ஆளுக்கு ஐந்து பேரைச் சேர்த்தால் பத்தாம் படியில் 97 லட்சம் பேர் வேண்டும், பதினோராம் படியில் 4 கோடி 88 லட்சம் பேர் வேண்டும். இலங்கையில் அத்தனை பேர் இல்லை.

எனக்கு ஆத்திரம் வருவது அந்தத் தாளைப் பார்த்துத்தான்.

வருகிற ஒவ்வொருவரும் அதையே நீட்டுகிறார்கள். "பதிவு இருக்கிறது சேர்." அது கம்பனிப் பதிவாளர் திணைக்களம் தருகிற சான்றிதழ். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி இலங்கையில் யார் வேண்டுமானாலும் கம்பனி பதியலாம். பங்குதாரர் ஒருவர் இருந்தால் போதும். வீட்டில் உட்கார்ந்து இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். நாளைக்கு நான் மல்லியப்புச் சந்தியில் வடைக் கடை போட்டு அதைக் கம்பனியாகப் பதிந்தால் எனக்கும் அதே தாள் கிடைக்கும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு உங்களிடம் பத்து லட்சம் வைப்பு வாங்க எனக்கு உரிமை வந்துவிடுமா?

பிறப்புச் சான்றிதழ் இருக்கிறவன் எல்லாம் பஸ் ஓட்டலாமா? நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகிற வளைவுகளில், "எனக்குப் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது" என்று ஒருவன் ஸ்டியரிங்கைப் பிடித்தால் நீங்கள் ஏறுவீர்களா? கம்பனிப் பதிவு என்பது இப்படி ஒருவன் பிறந்திருக்கிறான் என்பதற்கான சான்று. அவன் நல்லவனா, ஓட்டத் தெரிந்தவனா என்று பதிவாளர் பார்ப்பதில்லை. அது அவர் வேலையும் இல்லை. பொதுமக்களிடம் வைப்பு வாங்க வேண்டுமென்றால் மத்திய வங்கியின் உரிமம் வேண்டும். வங்கி என்றால் 1988இன் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் கீழ், நிதிக் கம்பனி என்றால் 2011இன் 42ஆம் இலக்க நிதித்தொழில் சட்டத்தின் கீழ். உரிமம் பெற்றவற்றின் பட்டியலை மத்திய வங்கி வெளியிட்டிருக்கிறது. பார்க்கத் தெரியாவிட்டால் 1935க்கு அழைத்துக் கம்பனியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களின் பெயர்களையும் மத்திய வங்கி அவ்வப்போது மூன்று மொழிகளிலும் பத்திரிகைகளில் போடுகிறது. நம் ஆட்கள் அந்தப் பக்கத்தில் ரொட்டி சுற்றுகிறார்கள்.

"மோசடி என்றால் அரசாங்கம் பிடித்திருக்காதா?" என்பது அடுத்த கேள்வி. தோட்டத்தில் ஒரு கூரைத் தகடு மாற்ற வருடக்கணக்கில் அலையும்போது அரசாங்கத்தைத் திட்டுகிறோம். அதே அரசாங்கம் ஒவ்வொரு வட்சப் குழுவையும் இரவு பகலாகக் கண்காணிக்கிறது என்று நம்பி எட்டு லட்சத்தைக் கொடுக்கிறோம்! பெரும்பாலும் யாராவது முறைப்பாடு செய்த பிறகுதான் விசாரணை தொடங்கும். முறைப்பாடு செய்ய வேண்டியவரோ, சேர்த்துவிட்டது சொந்தக் கொழுந்தன் என்பதால் வாயைத் திறப்பதில்லை.

எட்டு லட்சம் என்பது என்ன தொகை என்று தோட்டத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் கணக்காகப் பாருங்கள். 2024 செப்டம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம் 108 ரூபா, தோட்டத்தின் பங்கு 12 வீதம் 162 ரூபா. ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, 270 ரூபா. எட்டு லட்சம் சேர 2,963 பேர் வேண்டும். பழைய சம்பளங்களில் இன்னும் எத்தனையோ அதிகம். அட்டைக் கடியும் மழையும் அந்தக் கணக்கில் வராது.

வங்கியிலேயே வைத்திருக்கலாமே என்றால், "நீங்கள் தருகிற வட்டியில் என்ன கிடைக்கிறது?" என்கிறார்கள். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. 2022 செப்டம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டபோது, நிலையான வைப்பில் இருந்த பணம் கண்ணெதிரே கரைந்ததை நானும் பார்த்தவன். என் பணமும் கரைந்தது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் கரைந்தாலும் முதல் இருந்தது. இதில் முதலே இல்லை. உரிமம் பெற்ற வங்கியோ நிதிக் கம்பனியோ மூடப்பட்டால், ஒரு நிறுவனத்தில் ஒரு வைப்பாளருக்கு 11 லட்சம் ரூபா வரை வைப்புக் காப்புறுதி உண்டு. அந்தச் செயலிக்கு யார் காப்புறுதி?

படிக்காதவர்கள்தான் விழுகிறார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆசிரியர்கள் விழுந்திருக்கிறார்கள். டை கட்டி என் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த ஒருவரும் விழுந்தார். அவர் ஏமாந்தது எங்களுக்குத் தெரிய ஒன்றரை வருடம் ஆனது.

"நாங்கள் பணம் எடுக்க வரும்போது நீங்கள் தடுப்பதில்லையே" என்றும் கேட்கிறார்கள். உங்கள் பணத்தைத் தர மறுக்க எனக்கு உரிமை கிடையாது. "கணினி கொஞ்சம் மெதுவாக இருக்கிறது, இருங்கள்" என்று பொய் சொல்லி இருபது நிமிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். இரண்டு பேர் திரும்பிப் போனார்கள். இந்த அம்மா போகவில்லை. வெளியே முச்சக்கர வண்டியில் கொழுந்தன் காத்துக்கொண்டிருந்தார்.

ஆகவே, பெரிய தொகை கைக்கு வந்தால் ஒரு மாதம் யாருக்கும் சொல்லாதீர்கள். ஹோட்டலில் கூட்டம், சாப்பாடு, பரிசு என்று அழைத்தால் போகாதீர்கள். முதல் மாதம் பத்தாயிரம் கையில் கொடுப்பான். அது உங்கள் பணம்தான். நகையை அடகு வைத்து இதில் போடுகிறவர்களிடம் எனக்குப் பேசவே பிடிக்கவில்லை. போட்டுவிட்டீர்களா? இனி ஒரு சதமும் கொடுக்காதீர்கள். வரி, கட்டணம், மீட்டுத் தருகிறோம் என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். பணம் அனுப்பிய பற்றுச்சீட்டுகளையும் வட்சப் செய்திகளையும் அழிக்காமல் பொலிசுக்குக் கொண்டுபோங்கள். போட்ட பணத்தை எடுக்க உங்கள் அக்காவையும் மச்சானையும் சேர்த்துவிடாதீர்கள். பிரமிட் திட்டத்தை நடத்துவது மட்டுமல்ல, பரப்புவதும் வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவின்படி குற்றம்.

கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகளே, அம்மாவுக்குப் போன் வாங்கிக் கொடுத்தீர்கள், நல்லது. தீபாவளிக்கு வரும்போது ஒரு தடவை அதை வாங்கி என்னென்ன செயலி இருக்கிறது என்று பாருங்கள். கோபிக்காமல் பாருங்கள்.

அந்த அம்மாவுக்கு எழுபதாயிரம் கட்ட வேண்டாம் என்று சொல்லி, பொலிசுக்கு முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன். கையெழுத்திட்ட பிறகு, ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம்) பணம் வந்துவிட்டதா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். கொழுந்தனும் இரண்டு தடவை கேட்டுவிட்டாராம்.

வந்ததும் வரிசையில் நிற்காமல் நேரே என் மேசைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். தனியாக.