33 ஆண்டுகள் கழுவாமல் கிடந்த பிலிம்

1930 ஆகஸ்ட் மாதம். ஆர்க்டிக் பெருங்கடலில் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் கிழக்கோரத்தில் உள்ள க்விட்டோயா தீவில், பிராட்வாக் என்ற நார்வே கப்பலில் வந்தவர்கள் இறங்கினார்கள். அந்தக் கோடையில் பனி வழக்கத்தைவிட அதிகமாக உருகியிருந்தது. வெளியே தெரிந்த தரையில் ஒரு படகு, அதன் அருகே மனித உடல்கள். 1897 ஜூலை 11 அன்று ஹைட்ரஜன் பலூனில் வடதுருவத்தை நோக்கிப் புறப்பட்டுக் காணாமல் போன மூன்று ஸ்வீடன்காரர்களின் கடைசி முகாம் அது. ஆந்த்ரே, ஃப்ரெங்கெல், படம் எடுக்கும் பொறுப்பில் இருந்த இளைஞர் ஸ்ட்ரின்ட்பெரி. நாட்குறிப்புகளோடு, படம் எடுத்துக் கழுவாத பிலிம்களும் அந்த முகாமிலிருந்து மீட்கப்பட்டன.

ஸ்டாக்ஹோமில் யான் ஹெர்ட்ஸ்பெரி என்ற புகைப்பட வல்லுநர் அவற்றைக் கழுவினார். ஏறத்தாழ 240 பிரேம்களில் 93 படங்கள் தேறின. அவற்றில் ஒன்று உலகமே பார்த்த படம்: பனிப்பரப்பில் பலூன் ஒருக்களித்துக் கிடக்கிறது, இரண்டு பேர் அதையே பார்த்தபடி நிற்கிறார்கள். மூன்றாமவர் கேமராவுக்குப் பின்னால் இருந்திருக்கிறார்.

சரி, அந்தப் படம் 33 ஆண்டுகள் எங்கே இருந்தது?

பிலிம் என்பது ஜெலட்டின் பூசிய ஒரு பட்டை. அந்த ஜெலட்டினுக்குள் சில்வர் புரோமைடு போன்ற வெள்ளி உப்பின் நுண்ணிய படிகங்கள் கோடிக்கணக்கில் பதிந்திருக்கும். ஒளி ஒரு படிகத்தின் மேல் பட்டால் அதிலிருந்து எலக்ட்ரான் விடுபடும். அந்த எலக்ட்ரான், படிகத்தில் குறைபாடுள்ள ஓர் இடத்தில் சிக்கிக்கொண்டு அருகில் திரியும் வெள்ளி அயனியை இழுக்க, அயனி வெள்ளி அணுவாக மாறும். இப்படியே இன்னொன்று, இன்னொன்று. ஒரே இடத்தில் நான்கு அணுக்கள் அளவுக்குச் சேர்ந்துவிட்டால் போதும், அந்தப் படிகம் ‘ஒளியைப் பார்த்த’ படிகம். கண்ணுக்கும் தெரியாது, சாதாரண நுண்ணோக்கிக்கும் தெரியாது. இதைத்தான் மறைபிம்பம் என்கிறோம்.

டெவலப்பர் என்ற கழுவும் கரைசலில் போட்டதும் நடப்பது தயிர் உறைவது மாதிரிதான். ஒரு துளி உறைமோர் பாத்திரம் முழுவதையும் தயிராக்குகிறது அல்லவா? அதுபோல அந்த நான்கைந்து அணுக்கள் இருக்கும் படிகம் முழுவதும் வெள்ளியாகிக் கறுத்துவிடுகிறது. உறைமோர் விழாத படிகம் அப்படியே இருக்கும். பிறகு ஹைப்போ என்ற இன்னொரு கரைசல் அதைக் கரைத்து எடுத்துவிடும். சுமார் நூறு கோடி மடங்கு பெருக்கம் இது. நான்கு அணுக்களை நம்பி ஒரு முகம் காத்திருக்கிறது என்பது இன்றைக்கும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

காலம் அந்த நான்கு அணுக்களை இரண்டு வழியில் தாக்குகிறது. ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்து வெள்ளி அணுக்களை மறுபடி அயனிகளாக்கும். நான்கு மூன்றானால் அந்தப் படிகம் பார்த்ததை மறந்துவிடும். இன்னொரு பக்கம், வெப்பமும் மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் வரும் இயற்கைக் கதிர்வீச்சும் ஒளியே படாத படிகங்களிலும் வெள்ளிப் புள்ளிகளை உண்டாக்கும். உறைமோர் ஊற்றாத பால் வெயிலில் தானாகத் திரிவது போல. கழுவும்போது இவையும் கறுத்து, படத்தின் மேல் சாம்பல் மூட்டமாகப் படியும். ஸ்டூடியோக்காரர்கள் ‘ஃபாக்’ என்பது இதைத்தான். ஒருபுறம் படம் மங்குகிறது, மறுபுறம் மூட்டம் கூடுகிறது. ஐ.எஸ்.ஓ. 400, 800 என, குறைந்த ஒளியிலேயே படம் பதியும் வேகமான பிலிம்களில் மூட்டம் சீக்கிரம் ஏறும். க்விட்டோயாவின் குளிர் இரண்டையும் மெதுவாக்கியது. அதே பிலிம் நம் ஊர்க் கடற்கரைச் சூட்டிலும் ஈரத்திலும் கிடந்திருந்தால் 93 படங்கள் தேறியிருக்கும் என்று நான் நம்பவில்லை.

பழைய ரோலை இன்று கழுவுபவர்கள் எடுத்த எடுப்பிலேயே முழு ரோலையும் டேங்கில் போடுவதில்லை. இருட்டில் முனையிலிருந்து விரலளவு வெட்டி, அதை மட்டும் கழுவிப் பார்ப்பார்கள். மூட்டம் எவ்வளவு, ஜெலட்டின் தாங்குமா, எத்தனை நிமிடம் வைக்கலாம் என்பதெல்லாம் அந்தத் துண்டு சொல்லும். மறைபிம்பத்தைக் கழுவ ஒரே ஒரு வாய்ப்புதான் உண்டு என்பதால் அந்த விரலளவு இழப்பு பெரிதல்ல. பிறகு எச்.சி-110 போன்ற மூட்டம் குறைவாகத் தரும் டெவலப்பரை எடுத்து, வழக்கமான 20 டிகிரியைவிடக் குளிர வைத்து, அதில் பென்சோடிரையசோல் என்ற வேதிப்பொருளைக் கொஞ்சம் சேர்ப்பார்கள். மூட்டப் படிகங்கள் கறுப்பதை அது தாமதப்படுத்தும். அவை விழித்துக்கொள்வதற்குள் ஒளி பார்த்த படிகங்கள் வேலையை முடித்துவிட வேண்டும். எல்லாம் இந்தப் பந்தயத்துக்கான ஏற்பாடு.

கலர் ரோலாக இருந்தால்? வண்ணத்தை உண்டாக்கும் வேதிப்பொருட்கள் பெரும்பாலும் கெட்டுப்போயிருக்கும். வெள்ளி மட்டும் மிஞ்சியிருக்கும். அதனால் மிகப் பழைய கலர் ரோலைக் கறுப்பு வெள்ளையாகவே கழுவுவதுதான் புத்திசாலித்தனம். கோடாக் நிறுவனத்தின் கோடாக்ரோம் என்ற கலர் பிலிமுக்கு வேறு வழியே இல்லை. அதன் வண்ணங்கள் பிலிமில் இல்லை, கழுவும்போதுதான் சேர்க்கப்படும். அந்த முறையைக் கடைசியாக நடத்திவந்த அமெரிக்காவின் கான்சாஸ் மாநில லேப் 2010 இறுதியோடு ரோல் வாங்குவதை நிறுத்திக்கொண்டது.

கழுவியதோடு ஆபத்து தீர்வதில்லை. துருவப் பயணி ஸ்காட் அண்டார்டிகாவின் கேப் எவன்ஸில் கட்டிய மரவீட்டின் இருட்டறையிலிருந்து, இன்னொரு துருவப் பயணியான ஷாக்கிள்டனின் ராஸ் கடல் குழு விட்டுச்சென்ற நெகட்டிவ்களை நியூசிலாந்தின் அண்டார்டிக் ஹெரிடேஜ் டிரஸ்ட் மீட்டது. ஏறத்தாழ நூறு ஆண்டு ஈரத்தில் 22 நெகட்டிவ்களும் ஒட்டி ஒரே கட்டியாகியிருந்தன. பூஞ்சணத்தை அகற்றி, ஒவ்வொன்றாகப் பிரித்து, 2013-இல் உலகுக்குக் காட்டினார்கள். அவை நைட்ரேட் பிலிம், எளிதில் தீப்பற்றும். அதன் பின் வந்த அசிட்டேட் பிலிமுக்கு வேறு நோய்: சிதையத் தொடங்கினால் அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும், அந்த அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும். நெகட்டிவ் டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் அதைத் தனியாக எடுத்து வைத்து, உடனே ஸ்கேன் செய்துவிட வேண்டும். ஸ்கேன் செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள்: தூசியையும் கீறலையும் தானாக நீக்கும் அகச்சிவப்பு வசதி கறுப்பு வெள்ளை நெகட்டிவுக்கு உதவாது. வெள்ளியும் அகச்சிவப்பை மறைப்பதால், ஸ்கேனர் படத்தையே அழுக்கு என்று நினைத்துக்கொள்ளும்.

ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ ரோல் ஒன்று உங்கள் வீட்டு பீரோவிலும் கழுவாமல் கிடக்கலாம். கிடைத்தால் திறந்து பார்க்காதீர்கள். ஜிப் கவரில் காற்றை வெளியேற்றி மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். விமானத்தில் அனுப்பினால் எக்ஸ்ரேயில் மூட்டம் இன்னும் கூடும், அதனால் பக்கத்திலேயே கையால் கழுவித் தரும் ஆளைத் தேடுங்கள். கொண்டுபோகும் நாளுக்கு முதல் நாள் இரவே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, கவரைப் பிரிக்காமல் மேசையில் வைத்துவிடுங்கள். குளிர்ந்த பிலிமை உடனே வெளியே எடுத்தால், சொம்பில் ஐஸ் தண்ணீர் ஊற்றியதும் வெளியே வியர்க்குமே, அதுபோல ஜெலட்டின் மேல் நீர் கோத்துக்கொள்ளும்.